தகடு வளைவுக் கணக்கு தப்பும்போது: அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிப்பது

சுமை ஏற்றிய தகடு எவ்வளவு தொய்கிறது என்று கணக்கிடும் நிரல் தப்பான விடை தந்தால், நம்மில் பலர் முதலில் மெஷ்ஷைத்தான், அதாவது தகட்டைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் வலையைத்தான், நுணுக்குகிறோம். பல கணக்குகளில் அது பலிக்கும். தகட்டில் பாதி நேரம் பலிக்காது. இங்கே இருப்பது நான்காம் வகைக்கெழுச் சமன்பாடு. விளிம்பு நிபந்தனையில் ஒரு குறி மாறினாலும், எலிமென்ட் (வலையின் ஒரு துண்டு) தேர்வு தப்பினாலும், எத்தனை நுணுக்கினாலும் விடை தவறான எண்ணில் போய் அழகாக நிலைத்து நிற்கும். அதனால் நுணுக்கும் முன் தப்பு எந்த வடிவத்தில் வருகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு பிழைக்கும் தனி முகம் உண்டு.

முதலில் உரைகல்லைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

சரியான விடை தெரிந்த ஒரு கணக்கு இல்லாமல் பிழை தேடக் கூடாது. நான் எப்போதும் வைத்திருப்பது ஒரே சீரான சுமை ஏற்றிய சதுரத் தகடு, பாய்சான் விகிதம் (ஒரு திசையில் இழுத்தால் குறுக்கே எவ்வளவு சுருங்கும் என்ற அளவு) 0.3.

தொய்வு = குணகம் × சுமை × பக்கத்தின் நான்காம் அடுக்கு ÷ வளைவிறைப்பு. வளைவிறைப்பு என்பது யங் மாடுலஸ் × தடிமனின் மூன்றாம் அடுக்கு ÷ [12 × (1 − பாய்சான் விகிதத்தின் வர்க்கம்)]. இப்படி எழுதிவிட்டால் அலகுத் தொல்லை இல்லை, குணகத்தை மட்டும் பார்த்தால் போதும்.

நான்கு பக்கமும் எளிய தாங்கி (விளிம்பு தொயாது, ஆனால் சுழலலாம்) என்றால் நடுத் தொய்வின் குணகம் 0.00406235. நான்கு பக்கமும் இறுகப் பிடித்திருந்தால் (விளிம்பு சுழலவும் முடியாது) 0.00126532. மொமென்ட்டை, அதாவது தகட்டை வளைக்கும் திருப்பு விசையை, சுமை × பக்கத்தின் வர்க்கத்தால் வகுத்தால், எளிய தாங்கியில் நடுவில் 0.0479, இறுகப் பிடித்ததில் விளிம்பின் நடுவில் 0.0513. வட்டத் தகட்டுக்குப் பக்கத்துக்குப் பதில் ஆரத்தைப் போடுங்கள்: இறுகப் பிடித்தால் 1/64, அதாவது 0.015625, எளிய தாங்கியில் 0.0637.

இந்த ஆறு எண்களும் மனப்பாடம் ஆகிவிட்டால் பாதிப் பிழைகள் பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

அறிகுறி: விடை ஒரு நேர்த்தியான மடங்கில் தப்புகிறது

கிடைத்த விடையைச் சரியான விடையால் வகுத்துப் பாருங்கள். 1.1 வந்தால், வளைவிறைப்பில் பாய்சான் விகிதத்தை விட்டுவிட்டு உத்தரத்தின் சூத்திரத்தைப் போட்டிருக்கிறீர்கள். 0.3-க்கு 1 ÷ 0.91 சரியாக 1.099. 16 வந்தால் பாதிப் பக்கத்துக்கும் முழுப் பக்கத்துக்கும், அல்லது ஆரத்துக்கும் விட்டத்துக்கும் குழப்பம். 3.2 வந்தால் இறுகப் பிடித்த விளிம்பு உண்மையில் எளிய தாங்கியாகப் போயிருக்கிறது, 0.31 வந்தால் நேர்மாறு. பத்தின் அடுக்கில் வந்தால் மில்லிமீட்டரும் மீட்டரும் கலந்திருக்கின்றன. தடிமன் மூன்றாம் அடுக்கில் வருவதால் அந்த ஒரு எண்ணிலேயே நூறு கோடி மடங்கு தப்பலாம்.

இந்த அளவுக்குத்தான் இது. மேலே போவோம்.

அறிகுறி: தகடு மெலிய மெலியத் தொய்வு காணாமல் போகிறது

இதுதான் அதிகம் பேரைப் பிடிக்கும் நோய். பெயர் ஷியர் லாக்கிங்: ஷியர் (தகட்டின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவும் உருமாற்றம்) பொய்யாகத் தோன்றித் தகட்டைப் பூட்டிவிடுவது. தடிமனும் பக்கமும் 1:10 என்ற கட்டையான தகட்டில் நிரல் ஓரளவு ஒழுங்காக இருக்கும். 1:100-க்குப் போனால் விடை சரியும். 1:1000-ல் ஏறக்குறைய பூஜ்யம்.

மிண்ட்லின் வகைத் தகட்டில், அதாவது ஷியரையும் கணக்கில் எடுக்கும் கோட்பாட்டில், இரண்டு விறைப்புகள் உண்டு. வளைவுக்கானது தடிமனின் மூன்றாம் அடுக்கில் வளரும், ஷியருக்கானது தடிமனின் முதல் அடுக்கில். மெல்லிய தகட்டில் இரண்டுக்கும் உள்ள விகிதம் பக்கம்/தடிமன் என்பதன் வர்க்கம். 1:1000-ல் ஷியர் விறைப்பு பத்து லட்சம் மடங்கு கனமாக நிற்கிறது. நான்கு முனை எலிமென்ட்டில் தொய்வும் நேர்கோட்டில்தான் மாறும், சுழற்சியும் நேர்கோட்டில்தான் மாறும். தூய வளைவில் சுழற்சி நேர்கோட்டில் மாறினால் தொய்வு இருபடி வளைகோடாக மாற வேண்டும். அந்த எலிமென்ட்டால் அது முடியாது. முடியாத அந்த வித்தியாசம் பொய்யான ஷியராகப் பதிவாகிறது, அதைப் பத்து லட்சம் மடங்கு எடையுள்ள விறைப்பு பெருக்குகிறது. ஆற்றலைக் குறைக்க வேண்டிய நிரலுக்குத் தகட்டை வளையாமல் வைப்பது ஒன்றே வழியாகிவிடுகிறது.

சோதிக்க ஒரு கணக்கு போதும். எளிய தாங்கிச் சதுரத் தகடு, விளிம்போடு ஓடும் சுழற்சியையும் கட்டிவிடுங்கள், ஷியர் திருத்தம் 5/6. தடிமன்/பக்கம் 0.1 என்றால் குணகம் 0.004273, 0.01 என்றால் 0.0040645, 0.001 என்றால் 0.0040624. இந்த மூன்றும் சீராக இறங்கி 0.00406235-ஐத் தொட வேண்டும். உங்கள் நிரல் மூன்றாவதில் 0.0004 என்றோ இன்னும் சிறிதாகவோ சொன்னால் சந்தேகமே வேண்டாம்.

மருந்து பல உண்டு. ஷியர் உறுப்பை மட்டும் குறைந்த காஸ் புள்ளிகளில் (தொகையிட எலிமென்ட்டுக்குள் மதிப்பு எடுக்கும் இடங்கள்) தொகையிடுவது பழைய வழி. ஜியென்கிவிச், டெய்லர், டூ மூவரும் 1971-லேயே சொன்னது. ட்வோர்கினும் பாத்தேவும் 1984-ல் கொடுத்த எம்.ஐ.டி.சி.4 எலிமென்ட் ஷியரை விளிம்பின் நடுப் புள்ளிகளில் எடுத்து உள்ளே பரப்புகிறது. நம்பி எடுக்கக்கூடியது அது. மெல்லிய தகடு மட்டும்தான் வேலை என்றால் டி.கே.டி., டி.கே.க்யூ. வகை எலிமென்ட்டுகளில் ஷியரே கிடையாது, லாக்கிங்குக்கும் இடமில்லை. உயர் துல்லியம் வேண்டுமென்றால் நான் போவது வேறு வழி: பல்லுறுப்புக் கோவையின் படியை 4, 5 என்று உயர்த்துங்கள். லாக்கிங் ஏறக்குறைய மறைந்துவிடும், துல்லியமும் கூடவே வரும்.

ஒன்றைக் கவனியுங்கள். காஸ் புள்ளியைக் குறைத்ததும் தொய்வு சரியாகி, அப்புறம் முனைக்கு முனை மேலும் கீழுமாக ஆடினால், மருந்தின் அளவு கூடிவிட்டது. அது மணற்கடிகை வடிவ ஆட்டம். நான்கு மூலையில் மட்டும் தாங்கிய தகட்டில் இது உடனே வெளிப்படும். எந்தத் தாங்கியும் இல்லாத ஒற்றை எலிமென்ட்டின் விறைப்பு அணியை எடுத்து ஐகன் மதிப்புகளைப் பாருங்கள். பூஜ்யம் மூன்றே மூன்று வர வேண்டும்: மேலும் கீழும் ஒன்று, இரண்டு திசையில் சாய்வு. ஐந்து வந்தால் ஷியரை மட்டும் குறைத்திருக்கிறீர்கள், ஏழு வந்தால் எல்லாவற்றையும் குறைத்துவிட்டீர்கள். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. புதிய எலிமென்ட் எழுதும் யாரும் இதைச் செய்யாமல் அடுத்த வரிக்குப் போக வேண்டாம்.

அறிகுறி: தொய்வு சரி, மொமென்ட் மட்டும் பாதி

இறுகப் பிடித்த சதுரத் தகட்டை ரிட்ஸ் முறையில் (தொய்வின் வடிவத்தை ஊகித்து, ஆற்றல் மிகக் குறையும்படி அதன் அளவைத் தேடுவது) போட்டுப் பார்க்கலாம். ஒரே ஒரு உறுப்பு: இரு திசையிலும் (1 − கொசைன்) வடிவம், விளிம்பில் தொய்வும் சாய்வும் தானாகவே பூஜ்யம். காகிதத்திலேயே முடிந்துவிடும் கணக்கு. நடுத் தொய்வின் குணகம் 0.001283. சரியான விடை 0.001265. பிழை 1.4 சதவீதம். ஒரே உறுப்பில் இது அபாரமான விடை.

இப்போது அதே வடிவத்தை இருமுறை வகையிட்டு விளிம்பின் நடுவில் மொமென்ட்டை எடுங்கள். 0.0253 வருகிறது. வர வேண்டியது 0.0513. பாதிகூடச் சரியாக இல்லை.

கொசைனுக்குப் பதில் நான்காம் படிப் பல்லுறுப்புக் கோவையை, பக்கத்தின் இரு முனையிலும் இரட்டை வேர் உள்ளதை, போடுங்கள். தொய்வு 0.00133, பிழை 5 சதவீதம், அதாவது முன்னதைவிட மோசம். விளிம்பு மொமென்ட்டோ 0.0425, பிழை 17 சதவீதம், முன்னதைவிட வெகு நல்லது. தொய்வைப் பார்த்து முறையைத் தேர்ந்தவர் கொசைனைத்தான் எடுத்திருப்பார். தகடு விரிசல் விடுவது விளிம்பு மொமென்ட்டால்.

ஆகவே "ஒரு சதவீதத் துல்லியம்" என்று யாராவது சொன்னால் எதில் என்று கேளுங்கள். ஒவ்வொரு முறை வகையிடும்போதும் ஒரு படித் துல்லியம் போகிறது: மொமென்ட்டில் இரண்டு படி, ஷியரில் மூன்று படி. ஃபைனைட் எலிமென்ட் நிரலில் மொமென்ட்டை முனையில் நேரடியாக எடுக்காதீர்கள். பக்கத்துப் பக்கத்து எலிமென்ட்டுகள் ஒரே முனைக்கு வேறு வேறு மொமென்ட் சொன்னால் அந்த வித்தியாசமே பிழையின் அளவு. காஸ் புள்ளியில் எடுத்து, ஜியென்கிவிச்சும் ஜூவும் 1992-ல் சொன்னபடி முனையைச் சுற்றியுள்ள திட்டுக்கு ஒரு பல்லுறுப்புக் கோவை பொருத்தி முனைக்குக் கொண்டுவாருங்கள்.

வால்டர் ரிட்ஸ் இந்த முறையைப் பிறப்பித்ததே இறுகப் பிடித்த தகட்டுக்காகத்தான். பிரெஞ்சு அகாடமி 1907-ம் ஆண்டுப் பரிசுக்கு இந்தக் கணக்கைத்தான் அறிவித்திருந்தது. ரிட்ஸுக்குப் பரிசு கிடைக்கவில்லை. 1909-ல் 31 வயதில் அவர் இறந்துபோனார். இன்று உலகில் ஓடும் ஃபைனைட் எலிமென்ட் நிரல்களின் அடியில் அவருடைய யோசனைதான் இருக்கிறது என்பதை இந்த ஒற்றை உறுப்புக் கணக்கைப் போடும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

அறிகுறி: அதே வலை ஒரு தகட்டில் சரி, இன்னொன்றில் 40 சதவீதம் தப்பு

ஃபைனைட் டிஃபரன்ஸ் முறையில் (வகைக்கெழுவுக்குப் பதில் வலைப் புள்ளிகளின் வித்தியாசத்தைப் போடுவது) 13 புள்ளிச் சூத்திரம் எல்லோருக்கும் தெரிந்தது: நடுவில் 20, பக்கத்து நான்குக்கு −8, மூலைவிட்ட நான்குக்கு 2, இரண்டு தள்ளி உள்ள நான்குக்கு 1. விளிம்புக்கு வெளியே ஒரு கற்பனைப் புள்ளி வேண்டும். எளிய தாங்கியில் அதன் மதிப்பு உள்ளே உள்ள புள்ளியின் மதிப்புக்கு எதிர்க்குறி, இறுகப் பிடித்ததில் அதே குறி.

கையால் போட்டுப் பாருங்கள். பக்கத்தை இரண்டாகப் பிரித்தால் உள்ளே ஒரே புள்ளிதான். எளிய தாங்கியில் 20 − 4 = 16, ஆக விடை 1/256 = 0.003906. பிழை 4 சதவீதத்துக்கும் குறைவு. இறுகப் பிடித்ததில் 20 + 4 = 24, விடை 1/384 = 0.002604. சரியான விடையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்! நான்காகப் பிரியுங்கள். எளிய தாங்கி 0.004028, பிழை 0.8 சதவீதம். இறுகப் பிடித்தது 0.001800, பிழை இன்னும் 42 சதவீதம்.

நிரலில் தப்பில்லை. இறுகப் பிடித்த தகட்டில் விளிம்பை ஒட்டி வளைவு வேகமாக மாறுகிறது, சொரசொரப்பான வலையால் அதைப் பிடிக்க முடியவில்லை. "எளிய தாங்கியில் சோதித்துவிட்டேன், நிரல் துல்லியமானது" என்று யாராவது சொன்னால் இதனால்தான் நான் ஒத்துக்கொள்வதில்லை. எளிய தாங்கி மென்மையான தேர்வுத்தாள். இறுகப் பிடித்த தகட்டிலும் சோதித்தால்தான் பேச்சு.

இங்கே ரிச்சர்ட்சன் எக்ஸ்ட்ராபொலேஷன் (இரண்டு வலைகளின் விடைகளைச் சேர்த்துப் பிழையைக் கழிப்பது) நல்ல துணை. எளிய தாங்கியில் எட்டாகப் பிரித்தால் 0.00405476. நான்கு, எட்டு இரண்டையும் சேர்த்து (4 × 0.00405476 − 0.00402832) ÷ 3 போட்டால் 0.00406357, பிழை 0.03 சதவீதம். எட்டுப் பிரிவுக்கே! ஆனால் இந்தச் சூத்திரத்தை நம்பும் முன் பிழை உண்மையிலேயே நான்கில் ஒன்றாகக் குறைகிறதா என்று மூன்று வலைகளில் பாருங்கள். மேலே உள்ள எண்களில் 4.6, 4.5 மடங்கு குறைகிறது, சரி. இறுகப் பிடித்ததில் இரண்டிலிருந்து நான்குக்குப் போகும்போது 2.5 மடங்குதான். அங்கே சூத்திரத்தைப் போட்டால் 0.00153 வரும், 21 சதவீதம் தப்பு. வலை இன்னும் நுணுகிய பிறகுதான் அதற்கு நேரம் வரும்.

அறிகுறி: நுணுக்க நுணுக்க விடை நன்றாகி, ஒரு கட்டத்துக்குப் பிறகு கெடுகிறது

பிழையை லாக் தாளில் வரைந்தால் கீழிறங்கி, திரும்பி மேலேறும் வளைவு. இதைப் பார்த்ததும் ரவுண்ட்-ஆஃப் (கணினி இலக்கங்களை வெட்டுவதால் வரும் பிழை) என்று சொல்லிவிடலாம்.

13 புள்ளிச் சூத்திரத்தின் கண்டிஷன் எண் (சின்னப் பிழை விடையில் எத்தனை மடங்கு பெருகலாம் என்ற அளவு) இடைவெளியின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் வளர்கிறது. சூத்திரத்தின் பிழை இடைவெளியின் வர்க்கத்தில் குறைகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்துக்கு அப்பால் போவது வீண். எளிய தாங்கிச் சதுரத்துக்கு நான் மதிப்பிட்டுப் பார்த்தது: டபுள் பிரெசிஷனில் ஏறக்குறைய 400 பிரிவுகள், கிடைக்கும் துல்லியம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவு. சிங்கிள் பிரெசிஷனில் வெறும் 13, 14 பிரிவுகளிலேயே அந்த எல்லை வந்துவிடும். கிராஃபிக்ஸ் கார்டில் ஓட்டும் நிரல் விசித்திரமாக நடந்துகொண்டால் முதலில் இதைப் பாருங்கள்.

இதிலிருந்து நேராக வருவதுதான் உயர்படி முறையின் தேவை. நான்காம் படிச் சூத்திரத்தில் ரவுண்ட்-ஆஃப் தலைதூக்கும் முன்பே, சுமார் 90 பிரிவுகளில், பத்துக் கோடியில் ஒன்றிரண்டு பங்கு என்ற துல்லியத்தைத் தொட்டுவிடலாம். சின்ன வலை, சின்ன கண்டிஷன் எண், பெரிய துல்லியம். தகட்டுக் கணக்கில் உயர்படி முறைகளை ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

செபிஷேவ் புள்ளிகளில் (விளிம்பருகே நெருங்கி வரும் புள்ளிகள்) கொலொகேஷன் செய்பவர்களுக்கு, அதாவது அந்தப் புள்ளிகளில் சமன்பாட்டை நேரடியாக நிறைவேற்றுபவர்களுக்கு, இது இன்னும் கூர்மையாக வரும். நான்காம் வகைக்கெழு அணியின் கண்டிஷன் எண் புள்ளி எண்ணிக்கையின் எட்டாம் அடுக்கில் வளரும். 32 புள்ளிக்குப் பத்தின் 12-ம் அடுக்கு, 64 புள்ளிக்குப் பத்தின் 14-ம் அடுக்கைத் தாண்டும். 16, 20 புள்ளிகளில் அழகாக வந்த விடையின் கடைசி இலக்கங்கள் 60 புள்ளியில் ஆடத் தொடங்கும்.

வழிகள் எளிதிலிருந்து கடினத்துக்கு: வகைக்கெழு அணியின் மூலைவிட்ட உறுப்பைச் சூத்திரத்தில் போடாமல், மற்ற உறுப்புகளின் கூட்டுத்தொகைக்கு எதிர்க்குறியாக எடுங்கள், இந்த ஒரு வரி மாற்றமே சில இலக்கங்களை மீட்டுத் தரும். அணியைச் சதுரப்படுத்திச் சதுரப்படுத்தி நான்காம் வகைக்கெழுவை எடுக்காதீர்கள். எல்லாப் பக்கமும் எளிய தாங்கியாகவும் எல்லா மூலையும் 180 பாகைக்குக் குறைவாகவும் உள்ள பலகோணத் தகடு என்றால் சமன்பாட்டை இரண்டு பாய்சான் சமன்பாடுகளாகப் பிரித்துவிடுங்கள், எட்டாம் அடுக்கு நான்காகிவிடும். இறுகப் பிடித்ததில் அப்படிப் பிரிய முடியாது. அங்கே விளிம்பு நிபந்தனையைத் தாமே நிறைவேற்றும் லெஜான்ட்ர் கூட்டுக்கோவைகளை அடிப்படையாக எடுத்து கலெர்கின் முறையில் போங்கள், அணி மெல்லியதாகவும் நல்ல குணத்தோடும் வரும். ஆல்வரும் டவுன்சென்டும் 2013-ல் கொடுத்த அல்ட்ராஸ்ஃபெரிக்கல் முறையும் இதே குடும்பம்.

அறிகுறி: வட்டத் தகட்டின் விடை நான்கு இலக்கம் நிலைத்துவிட்டது, ஆனால் தப்பு

என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான். ஒரு தொட்டியின் வட்ட மூடி, விளிம்பு எளிய தாங்கி. வட்டத்தைப் பலகோணமாக வெட்டி, ஒவ்வொரு நேர்ப் பக்கத்திலும் தொய்வு முழுக்கப் பூஜ்யம் என்று கட்டினேன். 16 பக்கம், 32, 64, 128. எண்கள் ஒன்றையொன்று நெருங்கின. 0.0469-ல் நின்றன. ஒழுங்கான வேலைக்கு உரிய எல்லா அடையாளமும் இருந்தது. சரியான விடை 0.0637. 26 சதவீதம் குறைவு, அதுவும் ஆபத்தான பக்கம்: உண்மையில் அதிகம் தொயும் மூடியைக் குறைவாகத் தொயும் என்று நிரல் சொல்கிறது. இரண்டு நாள் எலிமென்ட்டில் பிழை தேடினேன். எலிமென்ட்டில் ஒன்றுமில்லை.

இதற்குப் பாபுஷ்கா முரண் என்று பெயர். சபொண்ட்ஜியான் 1950-களின் தொடக்கத்தில் கவனித்தார், இவோ பாபுஷ்கா 1960-களின் தொடக்கத்தில் கணிதமாக நிறுவினார். எளிய தாங்கி விளிம்பில் மொமென்ட் பூஜ்யம் என்ற நிபந்தனைக்குள் விளிம்பின் வளைவு ஒளிந்திருக்கிறது: (1 − பாய்சான் விகிதம்) × விளிம்பு வளைவு × சாய்வு என்ற உறுப்பு. வட்டத்தில் அது உண்டு. பலகோணத்தின் பக்கங்கள் நேர்கோடுகள். வளைவு பூஜ்யம், உறுப்பும் பூஜ்யம். பக்கங்களை லட்சமாக்கினாலும் ஒவ்வொரு பக்கமும் நேர்கோடுதான். ஆக நிரல் தீர்ப்பது அந்த உறுப்பே இல்லாத வேறொரு தகட்டை.

இதைப் பிடிக்க ஓர் எளிய வழி உண்டு. வட்டத் தகட்டின் சூத்திரம் (5 + பாய்சான் விகிதம்) ÷ [64 × (1 + பாய்சான் விகிதம்)]. இதில் பாய்சான் விகிதத்துக்கு 1 போடுங்கள்: 6/128 = 0.046875. என் நிரல் நின்ற எண் அதேதான். உங்கள் நிரலில் பாய்சான் விகிதத்தை 0, 0.2, 0.3 என்று மாற்றிப் பாருங்கள். வளைவிறைப்பால் வகுத்த பிறகும் குணகம் அசையாமல் இருந்தால் இந்த முரணில்தான் சிக்கியிருக்கிறீர்கள்.

தீர்வு: விளிம்பை வளைந்த எலிமென்ட்டால் எடுங்கள். அல்லது தொய்வை முனைகளில் மட்டும் கட்டி, விளிம்போடு ஓடும் சுழற்சியை விட்டுவிடுங்கள். மிண்ட்லின் தகட்டில் தொய்வை மட்டும் கட்டும் மென்தாங்கியில் இந்த முரண் வராது. இறுகப் பிடித்த விளிம்பிலும் வராது. அங்கே சாய்வே பூஜ்யம் என்பதால் தொலைய உறுப்பு எதுவும் இல்லை.

அறிகுறி: தாங்கி விசைகளைக் கூட்டினால் சுமையைவிட 26 சதவீதம் அதிகம்

பயப்பட வேண்டாம், விடை சரியாகவே இருக்கலாம். கிர்க்காஃப் தகட்டில் (ஷியர் உருமாற்றத்தை விட்டுவிடும் மெல்லிய தகட்டுக் கோட்பாடு) விளிம்பு விசை என்பது ஷியரும் முறுக்கு மொமென்ட்டின் மாற்றமும் சேர்ந்தது. அந்த முறுக்கு மூலையில் தனி விசையாகக் குவிகிறது. எளிய தாங்கிச் சதுரத்தில் ஒவ்வொரு மூலையிலும் 0.065 × சுமை × பக்கத்தின் வர்க்கம், கீழ்நோக்கி. நான்கு மூலைக்கும் 0.26. விளிம்பில் 1.26 மேலே, மூலையில் 0.26 கீழே, கழித்தால் 1. உங்கள் நிரல் மூலை விசையைக் காட்டாமல் விளிம்பை மட்டும் கூட்டுகிறது, அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் கீழ்நோக்கு விசை கற்பனை இல்லை. மூலையை யாரும் அழுத்திப் பிடிக்காவிட்டால் அது மேலெழும். எளிய தாங்கியில் கிடக்கும் கான்கிரீட் ஸ்லாபின் மூலையில் இந்தியக் கான்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456:2000 முறுக்குக் கம்பி கேட்பது இதற்காகத்தான்: நான்கு அடுக்கு, ஒவ்வொன்றும் நடுமொமென்ட்டுக்கான கம்பியில் முக்கால் பங்கு, குறுகிய பக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு தூரத்துக்கு. தளத்தில் மூலைக் கம்பியைக் குறைக்கலாமா என்று கேட்பவர்களிடம் இந்த 0.065-ஐக் காட்டுங்கள்.

அறிகுறி: ஓரிடத்தில் மட்டும் மொமென்ட் ஏறிக்கொண்டே போகிறது

அந்த இடம் எது என்று பாருங்கள். புள்ளிச் சுமையின் அடியா? அங்கே மொமென்ட் உண்மையிலேயே முடிவிலி, லாகரிதமாக ஏறும். கிர்க்காஃப் தகட்டில் தொய்வு மட்டும் அடங்கும், எளிய தாங்கிச் சதுரத்தின் நடுவில் 0.0116 × விசை × பக்கத்தின் வர்க்கம் ÷ வளைவிறைப்பு. மிண்ட்லின் தகட்டில் தொய்வும் அடங்காது. சக்கரமோ தூணோ உண்மையில் பதியும் பரப்பில் சுமையைப் பரப்பிவிடுங்கள், ஏற்றம் நிற்கும்.

அந்த இடம் விரிகோண மூலையா? எளிய தாங்கிச் சாய்சதுரத் தகட்டில் மூலைக் கோணம் 150 பாகை என்றால் தொய்வு மூலையிலிருந்து தூரத்தின் 1.2-ம் அடுக்கில் போகும், மொமென்ட் −0.8-ம் அடுக்கில் வெடிக்கும். 30 பாகைச் சாய்தகடு எலிமென்ட் சோதனைகளில் அத்தனை பெயர் பெற்றது இதனால்தான். சீரான வலையில் நுணுக்கினால் இந்த மூலை நடுப்பகுதி விடையையும் சேர்த்துக் கெடுக்கும். மூலையை நோக்கி எலிமென்ட் அளவைப் பெருக்கு விகிதத்தில் சுருக்கிக்கொண்டே போங்கள், படியை உயர்த்துங்கள், அல்லது அந்த 1.2 அடுக்கு வடிவத்தையே அடிப்படைக் கோவைகளில் ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். மூலை முனையின் மொமென்ட்டை மட்டும் அறிக்கையில் எழுதாதீர்கள். அது தகட்டின் எண் இல்லை, உங்கள் எலிமென்ட் அளவின் எண்.

அறிகுறி: தொடர் முறையில் எண்ணே வரவில்லை

எளிய தாங்கித் தகட்டுக்கு நேவியரின் இரட்டைத் தொடர் 1820-ல் வந்தது. முதல் உறுப்பே 0.00416 தரும், 2.4 சதவீதப் பிழை. தொய்வுக்கு இதமானது, மொமென்ட்டுக்கு மெதுவானது. லெவியின் ஒற்றைத் தொடர் எவ்வளவோ வேகம்: கம்பீரமாக இரண்டே உறுப்பில் 0.0040623. ஆனால் அதில் ஹைபர்பாலிக் கொசைன் இருக்கிறது. டபுள் பிரெசிஷனில் அதன் உள்மதிப்பு 710-ஐத் தாண்டினால் முடிவிலி, முடிவிலியை முடிவிலியால் வகுத்தால் எண்ணே இல்லை. சதுரத்தில் (ஒற்றை எண்களில் மட்டும் ஓடும்) தொடரின் சுட்டெண் 453 ஆகும்போது இது நடக்கும். நீளம் அகலத்தின் நான்கு மடங்கு என்றால் 113-ஐத் தாண்டியதுமே. துல்லியம் வேண்டி உறுப்புகளைக் கூட்டியவர்தான் மாட்டுவார்.

மேலும் கீழும் உள்ள பெரிய எக்ஸ்பொனென்ஷியலைக் காகிதத்திலேயே அடித்துவிட்டு, விளிம்பிலிருந்து தேயும் எக்ஸ்பொனென்ஷியல்களாக மாற்றி எழுதுங்கள். பிறகு ஆயிரம் உறுப்பு போட்டாலும் அசையாது.

அறிகுறி: கணக்கு எல்லாம் சரி, சோதனையில் தகடு குறைவாகத் தொய்கிறது

தொய்வைத் தடிமனால் வகுத்துப் பாருங்கள். பாதியைத் தாண்டினால் நேர்கோட்டுக் கோட்பாடே அங்கே பொருந்தாது; தகடு சவ்வைப் போல இழுத்துப் பிடிக்கத் தொடங்கிவிட்டது. இறுகப் பிடித்த வட்டத் தகட்டுக்கு ஒரு கைக்கணக்கு: தொய்வு/தடிமன் என்ற எண்ணோடு அதன் மூன்றாம் அடுக்கின் 0.488 மடங்கைக் கூட்டினால் நேர்கோட்டுக் கோட்பாடு சொல்லும் தொய்வு/தடிமன் வர வேண்டும். நேர்கோட்டுக் கோட்பாடு 1.488 என்று சொல்லும் இடத்தில் உண்மைத் தகடு 1-ல் நிற்கும். இந்த நிலையில் எத்தனை உயர்படி முறை போட்டாலும் தவறான சமன்பாட்டைத் துல்லியமாகத் தீர்ப்பீர்கள். வான் கார்மன் 1910-ல் எழுதிய சமன்பாடுகளுக்கு மாறி, சுமையைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் நியூட்டன் முறையில் திருத்துங்கள். முதல் படியில் சுமை சிறிதாக இருக்கும்போது விடை 1/64-ஐத் தொடுகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.